மாடன் கிடாவுக்கு ஒரு மழைக்கோட்டு

மும்பையில் சாலை யாருக்குச் சொந்தம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பஸ் லாரிக்கு வழிவிடாது. லாரி டாக்சிக்கு வழிவிடாது. டாக்சி வழிவிட்டால் அதை ஓட்டுகிறவர் ஊருக்குப் புதிது என்று அர்த்தம். ஆனால் நட்டநடுச் சாலையில் ஒரு மாடு படுத்து அசைபோட்டால் இந்த மூன்றும் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போகும். நாய் குறுக்கே வந்தால் ஒரு பிரேக், ஒரு கெட்ட வார்த்தை. நாயும் பதிலுக்குக் குரைத்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கும். யாருக்கும் சம்பளம் கொடுக்காமல் ஒரு காரியம் இவ்வளவு ஒழுங்காக நடந்தால் மேலே இருப்பவர்களுக்குப் பொறுக்குமா? சாலைவாழ் உயிரினப் போக்குவரத்து நல்லிணக்க வாரியம் பிறந்தது.

வாரியத்தின் அலுவலகம் செம்பூரில், ஒரு மிட்டாய்க்கடையின் மாடியில். இயக்குநர் பாட்கர் சாஹிப், வெளிநாட்டில் கலைமான்கள் சாலையைக் கடக்கும் முறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். இங்கே அவர் காரைவிட்டு இறங்கிச் சாலையைக் கடந்து யாரும் பார்த்ததில்லை. முதல் வருஷம் வாரியத்துக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். அடுத்த வருஷம் அந்தப் பலகையில் ஒரு காளை முதுகைத் தேய்த்துச் சாய்த்துவிட்டதால், பலகையைச் சுற்றி வேலி போட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: இதுவரை எந்த விலங்கோடு நல்லிணக்கம் ஏற்பட்டிருக்கிறது? உடனே ஏதாவது ஒரு விலங்கைப் பிடித்தாக வேண்டும். பிடிபட்டது கணேசபாண்டியனின் கிடா.

கணேசபாண்டியனின் கிடா என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லக் கூடாது. வில்லங்கமே அங்கேதான் ஆரம்பித்தது.

கணேசபாண்டியன் தாராவிக்காரன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குட்டி டெம்போ ஓட்டிப் பிழைக்கிறவன். கரீம் பாட்சாவின் பட்டறையில் தோல்பைகளை ஏற்றி, தாதர் கடைகளில் இறக்குவது தொழில். கோடையில் ஒரு நாள், மனைவி பேராச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மேம்பாலத்தில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் பள்ளிக்கூட பஸ். "யய்யா மாடா, காப்பாத்து! ஒனக்கு ஒரு கிடா தாரேன்!" என்று அலறினான். வண்டி ஒதுங்கி, பாலத்தடியில் கிடந்த மணல் குவியலில் ஏறி நின்றது. அந்த மணல் வருஷக்கணக்காக அங்கேயே கிடக்கிறது. நியாயமாகப் பார்த்தால், வேலையை முடிக்காமல் போட்டுவிட்டுப் போன காண்டிராக்டருக்குத்தான் கிடா கொடுக்க வேண்டும். ஆனால் அவன் கூப்பிட்டது சுடலைமாடனை. ஆகவே தாராவி சுடலைமாடன் கோயிலில் ஆடி மாதம் நடக்கும் கொடைத் திருவிழாவுக்கு ஒரு கருங்கிடா என்று முடிவாயிற்று.

ஊர் வழக்கப்படி கிடாவின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி அவிழ்த்துவிட்டான். நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டிப்போடக் கூடாது, அடிக்கக் கூடாது, முக்கியமாக 'என் கிடா' என்று சொந்தம் கொண்டாடக் கூடாது. அது காலையில் வாழைப்பழ வண்டியில் ஒரு வாய் வைக்கும். மத்தியானம் இட்லிக் கடையில் மிச்சம் மீதி. சாயந்திரம், தொண்ணூறு அடி சாலை என்று பெயர் பெற்ற பெரிய தெருவின் நடுவில் சயனம். திருநெல்வேலி டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போவார்கள். அவர்களைப் பார்த்து பீகார்க்காரர்களும் ஒதுங்கினார்கள். காரணம் கேட்கவில்லை. முன்னால் போகிற வண்டி ஒதுங்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது என்பதுதான் மும்பையின் வழக்கம்.

ஒருநாள் வாரியத்தின் வேன் வந்தது. வேனைக் கண்டதும் நாய்கள் கலைந்தன. காளையைத் தூக்க ஆள் போதவில்லை. கிடா மட்டும் பிஸ்கட் வாசனை பிடித்துத் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டது. கணேசபாண்டியன் ஓடி வந்தான். வேனிலிருந்து வாரியத்தின் செயலாளர் வாலாம்பாள் இறங்கினார். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். நல்ல மனுஷி, ஆனால் கையில் பேனா இருக்கும்போது அது வெளியே தெரியாது.

"இது உங்க ஆடா?"

"இல்லம்மா," என்றான் கணேசபாண்டியன். சாமி கிடாவை என்னுடையது என்று சொல்ல அவனுக்கு நாக்கு வருமா?

"அப்போ யாரோடது?"

"மாடனுக்கு உள்ளது."

"முழுப் பேர்?"

"சுடலைமாடன்."

"தகப்பனார் பேர்?"

"சிவன்னு சொல்லுவாவ."

"தொழில்?"

கணேசபாண்டியன் கொஞ்சம் யோசித்தான். "காவலும்மா. சுடுகாட்டுக் காவல்."

"நைட் டியூட்டியா?"

"ஆமாம்மா. பெரும்பாலும் ராத்திரிதான்."

வாலாம்பாள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, உரிமையாளர் நேரில் வந்து ஆட்டை மீட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். கிடா ஜன்னல் வழியாகத் தாராவியைப் பார்த்தபடி போயிற்று.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பேராச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "சாமிக்கு விட்ட கிடாயப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கியளே! அது திரும்பி வந்து கொடை கழியுத வரைக்கும் அந்த வண்டில நீங்க கைய வைக்கப்படாது. அந்த எறக்கம் இன்னும் எங் கண்ணுக்குள்ளயே நிக்கி." சாவியை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். பேராச்சி ஒன்றை முடிந்தால் அதை அவிழ்க்க ஆண்டவனாலும் ஆகாது.

மறுநாளே கரீம் பாட்சா வந்துவிட்டார். "ஏ பாண்டியா, என் சரக்கு தாதருக்கு நடந்தா போவும்? கிடாய மீட்டு வாரும்வே. இல்லாட்டி நான் வேற டெம்போ பாக்கணும். பெறவு வருத்தப்படாதிரும்." ஆக, கொடைக்கு முன் கிடா வரவில்லை என்றால் சாமி குற்றமும் போகாது, பிழைப்பும் போய்விடும். ஒரு ஆட்டின் முதுகில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது.

வாரியத்திலிருந்து திரு. சுடலைமாடன் அவர்களுக்கு நோட்டீஸ் வந்தது. ஆதார் அட்டையோடு நேரில் ஆஜராக வேண்டும். பியூன் அதைக் கோயில் தூணில் ஒட்டிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். மாடனுக்கு இதுவரை எல்லோரும் மனுதான் கொடுத்திருக்கிறார்கள், நோட்டீஸ் கொடுத்தது வாரியம் ஒன்றுதான். கோயில் சாமியாடி இசக்கிதுரை, மற்ற நாட்களில் ஒரு கேண்டீனில் சாம்பார் கிண்டுகிறவர், அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "மாடன் ஆபீசுக்கெல்லாம் வர மாட்டாரு. வந்தா ஆபீஸ் இருக்காது," என்றார்.

விசாரணை நாளில் கணேசபாண்டியன், பேராச்சி, இசக்கிதுரை மூவரும் செம்பூருக்கு ரயிலில் போனார்கள். பியூன் வராந்தாவில் நின்று, "சுடலைமாடன் ஹாஸிர் ஹோ!" என்று ஆஜராகச் சொல்லிக் கூவினான். இரண்டாம் தடவை கூவியபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த இசக்கிதுரைக்கு முழங்கால் ஆட ஆரம்பித்தது. பேராச்சி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். "அண்ணாச்சி, இங்க வேண்டாம். மேளம் இல்ல, திருநீறு இல்ல." மூன்றாம் தடவை பியூன் மெதுவாகத்தான் கூப்பிட்டான். நல்லவேளை.

உள்ளே பாட்கர் சாஹிப் இந்தியில் பேசினார். வாலாம்பாள் அதைத் தமிழில் சொன்னார். கணேசபாண்டியனுக்கு வாலாம்பாளைவிட நன்றாக இந்தி வரும். ஆனால் மனுதாரருக்கு அவரவர் தாய்மொழியில் புரியவைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதனால் எல்லாவற்றையும் அவன் இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.

"உரிமையாளர் ஆஜராகலை. உரிமையாளர் ஆஜராகாத பட்சத்துல, விலங்கோட சொந்த விருப்பத்தை அறிஞ்சு முடிவெடுக்கணும்னு விதி சொல்றது. ஆனா ஆடு எப்படித் தன் விருப்பத்தைச் சொல்லும்னு விதியில இல்லை. அதனால விதி திருத்தப்படற வரைக்கும் ஆடு இங்கேயே இருக்கும்."

அப்போதுதான் கணேசபாண்டியன் தன் வாயால் கெட்டான்.

"ஆடு சொல்லும்மா. எங்க ஊர்ல கேக்குத வழக்கம் உண்டும். சாமி முன்னால கொண்டு நிறுத்தி, முதுகுல ஒரு செம்பு தண்ணி ஊத்துவோம். கிடா ஒடம்பச் சிலுப்புச்சுன்னா சம்மதம்னு அர்த்தம். சாமி உத்தரவு கெடைச்சாச்சு. சிலுப்பலன்னா ஒண்ணுஞ் செய்யப்படாது."

வாலாம்பாள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் பாட்கர் சாஹிப் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். கண்ணில் நீர் தளும்பியது. அவர் பேசியது இது:

"இத்தனை வருஷமாக விலங்குகளைப் பற்றி நாம் முடிவெடுத்தோமே தவிர, ஒரு முறையாவது அவற்றிடம் கேட்டோமா? மனிதர்களிடமும் கேட்டதில்லைதான். ஆனால் அது வேறு துறை. இன்றிலிருந்து இந்த நகரத்தில் ஒவ்வொரு நாயும் மாடும் ஆடும் கேட்கப்படும். என்ன பதில் வர வேண்டும் என்பதை மட்டும் வாரியம் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளும்."

உடனே சம்மதப் பரிசோதனைக்கு உத்தரவாயிற்று. கிடா உள்ளே வந்தது. ஏசி அறையில் இருந்து, பிஸ்கட் தின்று, மேலெல்லாம் மினுமினுப்பு ஏறியிருந்தது. கணேசபாண்டியன் ஒரு செம்பு கேட்டான். கொடுக்கவில்லை. தரையில் புதுக் கார்ப்பெட். எனவே கண்ணுக்கு மருந்து விடுகிற சொட்டுக்குழாயில் தண்ணீர் எடுத்து, சாஹிப் தம் கையாலேயே கிடாவின் முதுகில் இரண்டு சொட்டு விட்டார். 'வீட்டுக்குப் போகச் சம்மதமா?' என்று வாலாம்பாள் கேட்டார். கிடா திரும்பிப் பார்த்துவிட்டு, மேஜையில் இருந்த ஒரு காகிதத்தைத் தின்றது.

"சிலுப்பலை," என்றார் வாலாம்பாள். "ஆடு வீட்டுக்குப் போகச் சம்மதிக்கலை."

"ரெண்டு சொட்டுக்கு எறும்புகூடச் சிலுப்பாதும்மா! ஒரு செம்பு ஊத்துங்க!"

"ஒரு விலங்குக்கு வருஷத்துக்கு ஒரு பரிசோதனைதான் அலுவலகத்துல பண்ண முடியும். இப்போதான் சார் விதி போட்டார்."

கணேசபாண்டியன் கொண்டுவந்த வழக்கமே அவன் காலை வாரிவிட்டது. பேராச்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் மழை தொடங்கியது. வாரியத்தின் பொற்காலமும் தொடங்கியது.

சொட்டுக்குழாயைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைவது கஷ்டம் என்று ஊழியர்கள் முறையிட்டார்கள். சாஹிப் ஒரு சுற்றறிக்கை விட்டார்: மழையும் தண்ணீரே. சாலையில் நிற்கும் எந்த உயிரினமும், ஒரு கேள்வி கேட்கப்பட்ட பிறகு, சாட்சிகள் முன்னிலையில் மழையில் நனைந்து சிலுப்பினால் அது சம்மதம் ஆகும். அன்றிலிருந்து வாரியத்தின் ஜீப் ஒலிபெருக்கியோடு நகரம் முழுவதும் சுற்றியது. "வாரியத்தின் புதிய சாலை ஒழுங்கை ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று மழைக்குள் ஒரு கேள்வி. கடை ஓரத்தில் நனைந்து நின்ற நாய்கள் எல்லாம் உடம்பை ஒரு உதறு உதறும். சம்மதம்! நனைந்த நாய் வேறு என்னதான் செய்யும்? சில நாய்கள் இரண்டு தடவை சிலுப்பின. அவற்றை ஆர்வலர்கள் என்று தனியாகக் குறித்தார்கள். மாடுகள் கல்லாக நின்றன. எருமைகள் கேள்வியே கேட்காதது போல மழையை ரசித்தன. மின்கம்பியில் இருந்த காக்கைகள் கேட்காமலே சம்மதித்தன.

பத்திரிகைக்காரர்களிடம் சாஹிப் பேசினார்: "நாய்கள் ஒருமனதாக வளர்ச்சியின் பக்கம் நிற்கின்றன. மாடுகள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவர்களை நாங்கள் ஆதரவாளர்களாகவே எடுத்துக்கொள்கிறோம். இது எல்லாத் துறைகளிலும் உள்ள நல்ல வழக்கம்."

இதைக் கேள்விப்பட்டு கணேசபாண்டியன் மறுபடியும் மாடிப்படி ஏறினான். வாலாம்பாளிடம் கேட்டான்: "அப்ப சிலுப்புனாலும் ஒங்க பக்கம், சிலுப்பாட்டாலும் ஒங்க பக்கமாம்மா?"

"இப்போதான் உங்களுக்கு ஆபீஸ் கொஞ்சம் கொஞ்சமாப் புரிஞ்சுண்டு வரது," என்றார் வாலாம்பாள். அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

கிடாவுக்கும் பதவி வந்திருந்தது. அது படுத்திருந்தபோது தொண்ணூறு அடி சாலையில் ஒரு வண்டியும் வேகமாகப் போகவில்லை, ஹாரன் சத்தம் இல்லை என்று வாரியம் எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. சாமி பயம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்த ஆட்டுக்கே போக்குவரத்தை அமைதிப்படுத்தும் இயற்கை ஆற்றல் இருப்பதாக முடிவுகட்டி, செம்பூர் சந்திப்பு ஒன்றில் அதற்கு 'அமைதி மேடை' கட்டினார்கள். பதவிக்கேற்றபடி பளபளக்கும் பச்சை மழைக்கோட்டு ஒன்றும் தைத்தார்கள், தொப்பியோடு. திறப்பு விழா ஆடி வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் தாராவியில் கொடை.

கணேசபாண்டியனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது, அதை அவன் பேராச்சியிடம்கூடச் சொல்லவில்லை. கிடாவைப் பிரிந்து இருந்ததில் அதன் மேல் பாசம் வந்துவிட்டது. அதை மீட்டு அரிவாளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. நேர்ச்சையும் கழிய வேண்டும், கிடாவும் இருக்க வேண்டும். சாமியிடம் போய் இப்படி இரண்டையும் கேட்பது அயோக்கியத்தனம் என்று அவனுக்கே தெரிந்தது.

வாலாம்பாள் அவன் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்கோ. ஆபீசுக்குள்ளதான் வருஷத்துக்கு ஒரு தடவை. சாலையில, மழையில சிலுப்பினா அது தனிக் கணக்கு. கேள்வியை யார் கேக்கணும்னு சர்க்குலர்ல இல்லை. நீங்களே கேக்கலாம். ஆடு நனையணும், அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை காலையில் தாராவியே கிளம்பியது. கோயில் மேளக்காரர்கள், குலவை போடும் பெண்கள், மணி கட்டிய சல்லடமும் சாமியாடிக் குல்லாவுமாக இசக்கிதுரை. எல்லோரும் கணேசபாண்டியனின் டெம்போவில் ஏறினார்கள். ஓட்டியது கரீம் பாட்சா, ஏனென்றால் சாவி முடிச்சு அவருக்கு மட்டும்தான் அவிழ்ந்தது. "பாண்டியா, கிளட்ச் எதுவே?" என்று அவர் சயானைத் தாண்டியபோது கேட்டார். பேராச்சி கண்ணை மூடி மாடனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

செம்பூர் சந்திப்பில் நல்ல கூட்டம். மேடையில் கிடா, மழைக்கோட்டும் தொப்பியும் போட்டு நின்றது. தலைக்கு மேல் குடை பிடிக்க ஒரு பியூன். பக்கத்தில் கோட்டும் சூட்டுமாகப் பாட்கர் சாஹிப். மழை ஊற்றியது. கிடாவின் மேல் ஒரு துளிகூடப் படவில்லை. நாலு பக்கமும் வண்டிகள் ஹாரனை அலறவிட்டன. செம்பூர்க்காரர்களுக்கு இது மாடன் கிடா என்று தெரியாதே.

சாஹிப் மைக்கைப் பிடித்தார். "இந்தச் சத்தத்தைப் பாருங்கள். ஆடு மட்டும் இல்லாவிட்டால் இதைவிட அதிகமாக இருந்திருக்கும். இதை யாராலும் மறுக்க முடியாது, ஏனென்றால் யாராலும் நிரூபிக்க முடியாது." கைதட்டினார்கள்.

கிடாவுக்குப் பேச்சு பிடிக்கவில்லையோ, பசியோ, தொப்பியின் நாடாவை மெல்ல ஆரம்பித்தது. நாடா போயிற்று. பிறகு கழுத்துப்பட்டி. கிடா தலையை முறுக்கிப் பல்லால் இழுத்த இழுப்பில் மழைக்கோட்டு இரண்டாகக் கிழிந்து மேடையில் விழுந்தது. அதே நேரம் ஒரு காற்று அடித்து, பியூனின் குடை தலைகீழாக மடிந்தது.

இதுதான் நேரம். கணேசபாண்டியன் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "யய்யா! மாடன் கோயிலுக்கு வாரியா?"

வாலாம்பாள் அதிகாரபூர்வமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோரும் கிடாவைப் பார்த்தார்கள்.

பாட்கர் சாஹிப்புக்கு விஷயம் விளங்கிவிட்டது. தாம் போட்ட சுற்றறிக்கை ஆயிற்றே! பாய்ந்து வந்தார். தம் கோட்டைக் கழற்றிக் கிடாவின் மேல் போர்த்தினார். அதுவும் போதாது என்று அதன் மேலே கவிழ்ந்து நின்றுகொண்டார். கிடா கோட்டுக்கு உள்ளே சுகமாக நின்றது. மழை முழுவதும் சாஹிப்பின் தலையில் விழுந்து, பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கி, முதுகுத்தண்டில் ஓடியது. ஐஸ் போன்ற ஆடி மழை. அவரும் எவ்வளவு நேரம்தான் அடக்குவார்? தலையில் ஆரம்பித்து, தோள், இடுப்பு என்று இறங்கி, முழங்கால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பினார்.

தாராவிப் பெண்களுக்கு இதற்கெல்லாம் யோசனை கிடையாது. தண்ணீர் பட்டது, சிலுப்பியாயிற்று. தொண்டையைத் திறந்து குலவையிட்டார்கள். குலவை கேட்டதும் மேளக்காரர்கள் அடித்தார்கள். மேளம் கேட்டதும் இசக்கிதுரைக்கு அருள் வந்து, ஒரே தாவாக மேடையில் ஏறி, கோயிலுக்கு வைத்திருந்த மாலையை சாஹிப்பின் கழுத்தில் போட்டார். "ஏத்துக்கிட்டேன்டா! ஏத்துக்கிட்டேன்!"

சாஹிப்புக்கு ரொம்பச் சந்தோஷம். மக்கள் அன்பைப் பார்த்து இரு கையையும் கூப்பினார். "என்ன சொல்கிறார்கள்?" என்று வாலாம்பாளைக் கேட்டார். வாலாம்பாளுக்கும் தெரியவில்லை. அவர் பேராச்சியைக் கேட்டார். பேராச்சி சொல்லச் சொல்ல வாலாம்பாளின் முகம் மாறியது.

"சார், அவா சாமி உங்களை ஏத்துண்டுட்டாராம்."

"மிக நல்லது."

"கோயிலுக்கு அழைச்சுண்டு போவாளாம்."

"கட்டாயம் வருகிறேன். பூஜையா?"

"ஆமாம் சார். அதுல நீங்கதான்..." வாலாம்பாள் ஓரடி தள்ளி நின்றுகொண்டார். "கிடா."

சாஹிப் சிரித்தார். பிறகு இசக்கிதுரையைப் பார்த்தார். இசக்கிதுரை சிரிக்கவில்லை.

"இது சட்டவிரோதம்! நான் அரசு ஊழியன்!"

வாலாம்பாள் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து மழையிலேயே படித்தார்: சாலையில் நிற்கும் எந்த உயிரினமும், ஒரு கேள்வி கேட்கப்பட்ட பிறகு, சாட்சிகள் முன்னிலையில். "கேள்வி கேட்டாச்சு சார். மாடன் கோயிலுக்கு வரியான்னுதான் கேட்டார். சாட்சிக்குப் பத்திரிகைக்காராளும் இருக்கா. நீங்க சம்மதிச்சுட்டேள்." மாடன் சட்டமும் வாரியத்துச் சட்டமும் ஒரே தீர்ப்பைச் சொல்வது எப்போதாவதுதான் நடக்கும்.

"வேறு வழி?" சாஹிப்பின் குரல் கீச்சென்று வந்தது.

இசக்கிதுரை மாடன் குரலில் உறுமினார்: "ஒண்ணு அவன் வரணும். இல்ல கிடா வரணும்."

"தே தோ!" என்று கிடாவைக் கொடுத்துவிடச் சொல்லி அலறினார் சாஹிப். "தே தோ, தே தோ!" வாரியத்தின் வரலாற்றில் கோப்பு இல்லாமல், குறிப்பு இல்லாமல், மேலிட ஒப்புதல் இல்லாமல் போடப்பட்ட உத்தரவு அது ஒன்றுதான். வாலாம்பாள் அதை மொழிபெயர்க்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

சாயந்திரம் தாராவியில், மாடன் முன்னால் கிடா நின்றது. பூசாரி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினார். சிலுப்பவில்லை. இன்னொரு செம்பு. கிடா காதைக்கூட அசைக்கவில்லை. மேளம் நின்றது. கூரையிலிருந்து மழை ஒழுகி அதன் முதுகில் விழுந்தது. அது பாட்டுக்குத் தரையில் கிடந்த வாழையிலையை மென்றது. பேராச்சியின் கண் கலங்கிவிட்டது. "சாமிக்கு எங்க மேல என்ன கோவமோ," என்று முணுமுணுத்தாள். கணேசபாண்டியன் கிடாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலுப்பு என்று வாய் சொன்னது. சிலுப்பாதே என்று மனசு கெஞ்சியது.

இசக்கிதுரைக்கு மறுபடி அருள் வந்தது. சத்தம் போடவில்லை. ஆள் ஆளாகப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நேந்தது ஒண்ணு. நான் ஏத்துக்கிட்டதும் ஒண்ணு. அது செம்பூர்ல நிக்கி. இத அவுத்து விடு."

"அப்ப எங்க நேர்ச்சை கழிஞ்சுதா சாமி?" என்று பேராச்சி கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். நிச்சயம் பண்ணிக்கொள்ளாமல் அவள் எதையும் விடுகிறவள் இல்லை.

"கழிஞ்சுதும்மா," என்று சொல்லித் திருநீறு பூசினார்.

கணேசபாண்டியன் வெட்கத்தைவிட்டு அழுதான். பேராச்சி கரீம் பாட்சாவிடமிருந்து சாவியை வாங்கி அவன் கையில் வைத்து, தானே போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "வாங்க. இருட்டுமுன்ன சரக்க ஏத்திருவோம்," என்றாள். கிடா தொண்ணூறு அடி சாலையின் நடுவுக்கு நடந்துபோய்ப் படுத்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனது.

வாரியம் இன்னும் இருக்கிறது. இப்போது அது மீன்களைப் பற்றி ஆராய்கிறது, அவை சாலைக்கு வருவதில்லை என்பதால். பாட்கர் சாஹிப் நன்றாகத்தான் இருக்கிறார். தாராவி வழியாக மட்டும் போவதில்லை. மழைக்காலத்தில் இரண்டு குடை வைத்துக்கொள்கிறார். இந்த ஆடிக்கும் கோயில் கமிட்டி அவருக்கு மஞ்சள் தடவிய அழைப்பிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தது, மாடனுக்கு உரியவர் என்ற முறையில். மருத்துவ விடுப்பில் போய்விட்டார் என்று வாலாம்பாள் சொல்லி அனுப்பினார்.

கமிட்டியில் சிலருக்குக் கோபம் வந்தது. "வருஷா வருஷம் லீவு போட்டா எப்படிவே?" என்று இசக்கிதுரையிடம் கேட்டார்கள். அவர் கேண்டீன் அண்டாவில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே சொன்னார்:

"லீவு தீரட்டும். மாடனுக்கு என்ன அவசரம்?"